டீச்சர் பதில்கள்: பாஸ்டன் சிலையும் பிடி அரிசி நோட்டும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ப்யூரிட்டன் கிறிஸ்தவர்களின் பெண்கள். போன இதழில் தக்கலை வாசகி ஒருவரின் கேள்விக்கு இடம் போதாமல் நான்கே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அது பலருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அதனால் அந்தக் கேள்வியை மறுபடி எடுத்து, தொடர்ந்து வந்த கேள்விகளையும் சேர்த்து இந்த முறை நிதானமாக எழுதுகிறேன். 32 வருடம் பள்ளியில் வரலாறு நடத்தினேன். இந்தப் பெண்களைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு நானாகத் தேடிப் படித்ததுதான் இதெல்லாம்.

"என் மகள் பாஸ்டனில் நர்ஸ். அவளுடைய பேறுகாலத்துக்குப் போய் ஆறு மாதம் தங்கினேன். அங்கே சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் ஒரு பெண்ணின் சிலை. பைபிளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, முகத்தை மேலே தூக்கி நிற்கிறாள். பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை. பெயர் ஆன் ஹட்சின்சன், ப்யூரிட்டன்கள் இவளை ஊரைவிட்டே துரத்தினார்கள் என்றாள் மகள். ப்யூரிட்டன்களும் பைபிள்காரர்கள்தானே? பைபிள் படித்த பெண்ணை அவர்கள் ஏன் துரத்த வேண்டும்?"
– வாசகி, தக்கலை

அம்மா, முதலில் ப்யூரிட்டன்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துத் திருச்சபை ரோமாபுரியை விட்டு வந்த பிறகும் போதுமான அளவு சுத்தமாகவில்லை என்று நினைத்தவர்கள். அவர்களில் ஒரு பெருங்கூட்டம் 1630இல் ஜான் வின்த்ரோப் தலைமையில் கடல் தாண்டிப்போய் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தை நிலைநிறுத்தியது. வேதத்தின்படி நடக்கும் ஒரு நாட்டை உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். வீட்டுக்குக் கணவன் தலை, சபைக்குப் போதகர் தலை, நாட்டுக்கு ஆளுநர் தலை. மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை. ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டும் ஆடும்.

ஆன் 1634இல் அங்கே போய்ச் சேர்ந்தார். துணி வியாபாரியின் மனைவி, 15 பிள்ளை பெற்றவர். தகப்பனார் ஒரு பாதிரியார். திருச்சபை மேலதிகாரிகளைக் குறை சொல்லிச் சிறைக்குப் போனவர். ஆன் பிரசவம் பார்ப்பதில் கைதேர்ந்தவர். இதைக் கவனியுங்கள். ஒரு ஊரில் மருத்துவச்சிக்குத் திறக்காத கதவு உண்டா? எங்கள் பக்கத்தில் வயித்தாட்டி என்போம். எந்த வீட்டில் என்ன கஷ்டம், எந்தப் பெண் எதற்குப் பயப்படுகிறாள் என்று அவளுக்குத்தான் தெரியும். ஆன் போன வீடுகளில் பெண்கள் தங்கள் ஆத்துமாவைப் பற்றிய பயத்தையும் அவரிடம் சொன்னார்கள். அவர்களுக்காகத் தன் வீட்டில் ஒரு கூட்டம் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை எடுத்துப் பேசி விளங்கிக்கொள்ளும் கூட்டம். நம்மூர் வீட்டு ஜெபக்கூட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளில் 60 பேருக்கு மேல் வர ஆரம்பித்தார்கள். ஆண்களும் வந்தார்கள். ஒரு வருடம் ஆளுநராக இருந்த ஹென்றி வேன் என்ற இளைஞரும் வந்தார்.

பெண்கள் கூடிப் பிரசங்கத்தைப் பேசுவதில் ஊர்த் தலைவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆன் அதோடு நிற்கவில்லை. கிருபையினால் மீட்பு என்று வாயால் சொல்லிவிட்டு, ஊரில் உள்ள போதகர்களில் பலர் நற்செயலால் மீட்பு என்றே போதிக்கிறார்கள் என்றார். ஜான் காட்டன் போன்ற ஓரிருவரைத்தான் விலக்காகச் சொன்னார். போதகரை எடைபோடும் பெண் நாளைக்கு ஆளுநரையும் எடைபோடுவாள் அல்லவா?

1637 நவம்பரில் விசாரணை. வக்கீல் கிடையாது. 46 வயதுப் பெண், உடம்புக்கு முடியாத நிலையில், நின்றுகொண்டே பதில் சொல்லியிருக்கிறார். முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான் உட்கார விட்டார்கள். உன் கூட்டம் தேவனுடைய பார்வையில் சகிக்கத்தக்கதல்ல, உன் பெண் பிறப்புக்குத் தகுந்ததுமல்ல என்றார் வின்த்ரோப். ஆன் உடனே தீத்து நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்தார்: முதிர்ந்த பெண்கள் இளைய பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறதே? வின்த்ரோப், அது வீட்டு வேலையையும் கணவனிடம் அன்பாயிருப்பதையும் சொல்லிக்கொடுப்பது என்றார். முதல் நாள் முழுக்க அவர்களால் அவரை மடக்க முடியவில்லை. இரண்டாம் நாள், தேவன் தன்னோடு நேரடியாகப் பேசியதாக அவரே சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாடு கடத்தல். எதற்காக என்னை அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். பதில் நீதிமன்றக் குறிப்பில் இருக்கிறது: "இனிப் பேசாதே. எதற்கென்று நீதிமன்றத்துக்குத் தெரியும், அதற்குத் திருப்தி."

1638 மார்ச்சில் சபையும் விசாரித்து அவரை நீக்கியது. அங்கே ஹியூ பீட்டர் என்ற போதகர் சொன்னதை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். நீ உன் இடத்தை விட்டு வெளியே வந்துவிட்டாய். மனைவியாக இருப்பதைவிடக் கணவனாகவும், கேட்பவளாக இருப்பதைவிடப் பிரசங்கியாகவும், குடிமகளாக இருப்பதைவிட அதிகாரியாகவும் நடந்தாய் என்றார். ஒரே கயிற்றில் கட்டிய மூன்று என்று மேலே சொன்னேனே, மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஆன் வெளியே நடந்தபோது மேரி டயர் என்ற பெண் எழுந்து கூடவே நடந்தாள். பின்னாளில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்து, 1660இல் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டவள். அவளுக்கும் அதே கட்டடத்தின் முன்னால் சிலை உண்டு, அடுத்த முறை போனால் பாருங்கள்.

ஆன் ரோட் ஐலண்டுக்குப் போனார். கணவர் இறந்த பிறகு, இன்றைய நியூயார்க் இருக்கும் பக்கம் குடிபெயர்ந்தார். 1643இல் அங்கே டச்சுக்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தபோது தாக்குதலில் பிள்ளைகள் பலரோடு உயிரிழந்தார். நீங்கள் பார்த்த சிலை 1922இல் செய்தது. நாடு கடத்தும் உத்தரவை 1987இல்தான் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ் ரத்து செய்தார். 350 வருடம்.

"வீட்டுக்குள் பெண்தானே ராணி? அந்தக் காலத்து ஆண்களைக் கொடுமைக்காரர்களாகவே காட்டுவது நியாயமா? ப்யூரிட்டன் பெண்களுக்கு அதிகாரமே இல்லை என்று சொல்ல முடியுமா?"
– வாசகர், மார்த்தாண்டம்

சொல்ல முடியாது ஐயா. நானும் அப்படிச் சொல்லவில்லை. அவர்களுக்கு இருந்த அதிகாரம் நிஜமானது.

கணவன் கடலுக்கோ, சந்தைக்கோ, சண்டைக்கோ போயிருக்கும்போது மனைவி அவனுடைய இடத்தில் நின்று கடன் வசூலிப்பாள், தானியம் விற்பாள், வேலையாட்களை ஏவுவாள். யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். நீதிமொழிகள் 31இல் வரும் குணசாலியான ஸ்திரீ வயலை விசாரித்து வாங்குகிறாள் அல்லவா, அவளைத்தான் போதகர்கள் உதாரணம் காட்டினார்கள். நம் பக்கத்தில் பனையேறிகளின் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஆண் ஏறி அக்கானி இறக்குவான். அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கி, சந்தைக்குச் சுமந்து, விலை பேசி, கணக்கை மனதிலேயே வைத்திருந்தவள் பெண். அந்தக் குடும்பம் அவள் கையில்தான் நின்றது.

பிரசவ அறை முழுக்கவும் பெண்களுடைய இடம். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறேழு பேர் கூடிவிடுவார்கள், கணவன் வெளியே. கல்யாணமாகாத பெண்ணுக்கு வலி உச்சத்தில் இருக்கும்போது மருத்துவச்சி தகப்பன் பெயரைக் கேட்பாள். அந்த நேரத்தில் பொய் வராது என்று நம்பிக்கை. அவள் சொன்ன பெயரை நீதிமன்றம் ஏற்று, அந்த ஆளிடம் பிள்ளைக்குச் செலவு வாங்கித் தரும். ஒரு பெண்ணின் உடம்பைச் சோதித்துச் சொல்ல வேண்டிய வழக்குகளில் மூத்த பெண்களின் குழுவை நீதிமன்றமே அமர்த்தும். அந்தக் குழுக்கள் பல பெண்களுக்குக் கேடும் செய்தன. ஒழுக்கத்துக்குக் காவல் நின்றவர்களில் பலர் பெண்கள்தான் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது.

சட்டமும் சில விஷயங்களில் இங்கிலாந்தை விட முன்னால் போயிருந்தது. 1641 சட்டத் தொகுப்பில், கணவன் மனைவியை அடிக்கக் கூடாது என்று இருக்கிறது. அவள் தாக்கினால் தற்காப்புக்கு மட்டும் விலக்கு. கல்யாணம் அவர்களுக்குத் திருவருட்சாதனம் இல்லை, ஒப்பந்தம். அதனால் கைவிட்டு ஓடியவனிடமிருந்தும், இன்னொருத்தியைக் கட்டியவனிடமிருந்தும் விவாகரத்து கிடைத்தது.

சரி, பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். ஆன் ஹிபின்ஸ் கதையைச் சொல்கிறேன். பாஸ்டனில் வசதியான குடும்பம், கணவர் பெரிய பதவியில் இருந்தவர். 1640 வாக்கில் வீட்டில் தச்சு வேலை நடந்தது. தச்சர்கள் கூலியை ஏற்றிவிட்டார்கள் என்று இந்த அம்மாவுக்குத் தோன்றியது. கணவர் சமாதானமாகப் போகலாம் என்றார். இவர் விடவில்லை. வேறு தச்சர்களிடம் போய், இந்த வேலைக்கு என்ன கூலி நியாயம் என்று விசாரித்தார். வீடு கட்டின பெண்கள் எல்லோரும் செய்கிற காரியம்தானே இது? அதற்கு சபை விசாரணை வைத்து, கணவனுக்கு அடங்கவில்லை, அவருடைய அதிகாரத்தை எடுத்துக்கொண்டாள் என்று 1641இல் அவரைச் சபைநீக்கம் செய்தது.

கணவர் உயிரோடு இருந்தவரைக்கும் அதோடு போயிற்று. அவர் 1654இல் இறந்தார். 1656இல் இந்த விதவையைச் சூனியக்காரி என்று தூக்கிலிட்டார்கள். தெருவில் இருவர் பேசிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்து, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சரியாக ஊகித்துவிட்டாராம். அதுவும் குற்றமாயிற்று. அயலாரைவிடப் புத்தி கொஞ்சம் கூடுதலாக இருந்ததற்காகத்தான் அவரைத் தூக்கிலிட்டார்கள் என்று ஜான் நார்ட்டன் என்ற பாதிரியாரே சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

ஆகவே ஐயா, கணக்குப் பார்க்கலாம், கூலி கொடுக்கலாம், வியாபாரம் செய்யலாம், எல்லாம் கணவன் பெயரில். என் பெயரில், என் வாயால், இது நியாயமில்லை என்று சொன்ன இடத்தில்தான் அடி விழுந்தது. நான் படித்தவரையில் அந்தச் சமூகம் பெண்ணின் கையைக் கண்டு பயப்படவில்லை. நாக்கைக் கண்டுதான் பயந்தது.

"படங்களில் ப்யூரிட்டன் பெண்கள் எப்போதும் கறுப்பு உடையில் வருகிறார்களே, அப்படித்தான் உடுத்தினார்களா?"
– வாசகி, குளச்சல்

இல்லை. கறுப்புச் சாயம் விலை கூடியது. அன்றாடம் உடுத்தியது பழுப்பு, நீலம், பச்சை போன்ற நிறங்கள்தான். ஆனால் யார் எதை உடுத்தலாம் என்று சட்டம் இருந்தது. 1651 சட்டப்படி 200 பவுண்டுக்குக் குறைவான சொத்துள்ள குடும்பத்தில் பெண்கள் பட்டு முக்காடு போட்டால் அபராதம்.

இதை வாசித்தபோது எனக்கு நம் தோள்சீலைக் கலவரம்தான் நினைவுக்கு வந்தது. 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மகாராஜா விளம்பரம் வெளியிட்டார். மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் மாதிரி மறைக்கக் கூடாது என்று. அந்த அளவுக்காவது வருவதற்குள் நம் பாட்டிமார் சந்தையில் சீலை கிழிக்கப்பட்டு, சபைகள் எரிக்கப்பட்டு எத்தனை பட்டார்கள். இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். அங்கே பணம் சேர்ந்தால் பட்டு போடலாம். இங்கே பிறப்பே முடிவு செய்தது.

"கணவனை இழந்த பெண்ணுக்கு அங்கே சொத்தில் பங்கு உண்டா? நம் கிறிஸ்தவப் பெண்களின் நிலையோடு ஒப்பிட்டுச் சொல்வீர்களா?"
– வாசகி, கருங்கல்

கல்யாணம் ஆனதும் பெண்ணின் பணமும் பண்டபாத்திரமும் கணவனுடையவை. அவள் தனியாக ஒப்பந்தம் போட முடியாது, வழக்குத் தொடுக்க முடியாது. விதவையானால்தான் சட்டத்தின் கண்ணுக்கு அவள் ஓர் ஆளாகத் தெரிவாள். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது. சில விதவைகள் கடை நடத்தினார்கள், சத்திரம் நடத்தினார்கள்.

அந்தக் காலத்து உயில்கள் சிலவற்றை வாசித்தால் மனசு கனக்கும். அம்மாவுக்குக் கிழக்குப் பக்க அறை. அடுப்படி வழியாகப் போய்வர உரிமை. கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம். ஒரு பசுவுக்கு மகன் தீனி போட வேண்டும். குளிருக்கு இத்தனை விறகு வெட்டித் தர வேண்டும். பலவற்றில் மறுமணம் செய்யும்வரைக்கும் என்று ஒரு வரி. தான் ஆண்ட அடுப்படியில் நடக்க அவளுக்கு எழுத்தில் உரிமை வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இனி நம் பக்கம். 1916 திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்பங்கு, அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. விதவைக்கு ஆயுள் அனுபவம் மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் இல்லை. ஆண் பெண் இருவருக்கும் சரிபங்கு தரும் வழக்கமுள்ள சில பிரிவினருக்கு மட்டும் அந்தச் சட்டமே விலக்கு வைத்திருந்தது. 1956இல் நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்தச் சட்டம் நம்மை விடவில்லை. கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும், அதுவும் 1951 ஏப்ரல் 1 முதலே பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. மகனுக்கும் மகளுக்கும் சரிசமம்.

என் தகப்பனார் 1979இல் இறந்தார். அண்ணன்மார் மூவருக்கும் ரப்பர் நின்ற விளை. எனக்குக் கல்யாணத்தில் போட்ட நகை. அன்று அதை யாரும் தவறாக நினைக்கவில்லை. வகுப்பில் சமத்துவம் பாடம் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்த நானும் நினைக்கவில்லை. அம்மாவுக்கு? அவளுக்கு ஒரு அறையும், கஞ்சியும், அண்ணன் மனைவியின் முகமும். காகிதத்தில் ஒன்றும் இல்லை. கருங்கல் சகோதரி, உங்கள் பெயரில் பத்திரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டாவையும் பாருங்கள்.

"நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ப்யூரிட்டன் பெண்கள் எல்லோருக்கும் எழுதப் படிக்கத் தெரியும் என்கிறார்கள். அப்படியானால் எழுதியவர்கள் ஏன் இவ்வளவு குறைவு?"
– மாணவி, நாகர்கோவில்

மக்களே, "எழுதப் படிக்க" என்று நாம் ஒரே வார்த்தையாகச் சொல்கிறோம் பார், அங்கே அது இரண்டு. வேதம் வாசிக்காவிட்டால் ஆத்துமா கெட்டுப்போகும் என்பதால் பெண்பிள்ளைக்கும் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். 1642லேயே பெற்றோருக்கு அது கடமை என்று சட்டம் வந்துவிட்டது. சொல்லிக்கொடுத்தவர்களும் பெரும்பாலும் பெண்கள், தங்கள் அடுப்படியில் வைத்து. எழுத்து வேறு. அது தொழில், கணக்கு, பத்திரம். அதை ஆண் வாத்தியார் ஆண்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார். அதனால் பைபிளைச் சரளமாக வாசித்த பெண் பத்திரத்தில் பெயர் எழுதத் தெரியாமல் ஒரு கீறல் போட்டாள்.

என் பாட்டியை எனக்கு நினைவு வருகிறது. சங்கீதம் 119ஐ ஒரு தடங்கல் இல்லாமல் வாசிப்பாள். ரேகைதான் வைப்பாள். அவளுக்கு மிஷன் பள்ளியில் வாசிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாகர்கோவிலில் 1820களில் மிஷனரி மால்ட்டின் மனைவி மார்த்தா தொடங்கிவைத்த வேலை அது. லேஸ் விற்ற பணம் பெண்கள் பள்ளிக்கு உதவியது. எவ்வளவு பெரிய காரியம்! ஆனாலும் பாட்டி கையில் ஊசி ஏறிய அளவுக்குப் பேனா ஏறவில்லை.

எழுதியவர்களில் முக்கியமானவர் ஆன் பிராட்ஸ்ட்ரீட். 18 வயதில் 1630 கப்பலில் வந்தவர், எட்டுப் பிள்ளைகளின் தாய். அவருடைய கவிதைகளை அவருக்குத் தெரியாமலே தங்கையின் கணவர் லண்டனுக்குக் கொண்டுபோய் 1650இல் அச்சிட்டார். முன்னுரையில் அவர் என்ன எழுதினார் தெரியுமா? இந்த அம்மா வீட்டு வேலையைக் கெடுத்து இதை எழுதவில்லை, தூக்கத்தைக் குறைத்துத்தான் எழுதினார் என்று உறுதி சொன்னார். கவிதை நன்றாயிருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் அந்த உறுதியைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் 1645இல் வின்த்ரோப் தன் நாட்குறிப்பில் ஒன்று எழுதிவைத்திருக்கிறார். ஆளுநர் ஹாப்கின்ஸின் மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது. வாசிப்பதிலும் எழுதுவதிலும் மூழ்கியதுதான் காரணம். பெண்களுக்குரிய வீட்டு வேலையைப் பார்த்திருந்தால் புத்தியோடு இருந்திருப்பாள் என்று. எனக்கு அந்தப் பெண்மணியைப் பற்றி வேறொன்றும் வேண்டாம், அவர் எழுதிய ஒரு தாள் கிடைத்தால் போதும் என்று இருக்கிறது.

நீ எழுது மக்களே. தூக்கத்தைக் குறைத்து எழுதாதே.

"சேலத்தில் சூனியக்காரிகளை உயிரோடு எரித்தார்கள் என்பது உண்மையா?"
– வாசகர், குலசேகரம்

நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸில் உள்ள சேலம். எரிக்கவில்லை, தூக்கிலிட்டார்கள். 1692இல் 19 பேர். அதில் 14 பேர் பெண்கள். ஒரு ஆண் கல்லேற்றி நசுக்கப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 150க்கு மேல். ஒரு போதகர் வீட்டில் 9 வயது மகளும் 11 வயது உறவுக்காரப் பிள்ளையும் துடித்து அலறியதில் ஆரம்பம். அந்தச் சமூகத்தில் கடைசி இடத்தில் இருந்த சிறுமிகளும் வேலைக்காரப் பெண்களும் பேச, நீதிபதிகள் குனிந்து கேட்டார்கள். வேறு எந்த நாளிலும் கேட்டிராத காது அது. வேதனைப்படுகிறேன் என்று அலறினால்தான் கேட்கும் என்ற நிலைமை, எத்தனை பேரைக் கொன்றுவிட்டது பாருங்கள்.

ரெபெக்கா நர்ஸுக்கு 71 வயது. நல்லவர் என்று 39 அயலார் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். ஜூரிகள் முதலில் குற்றமில்லை என்றார்கள். பிறகு மறுபடி யோசிக்கச் சொல்லி, அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் குற்றமாக எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் காது மந்தம், துக்கத்தில் இருந்தேன், கேள்வி விழவில்லை என்று பின்னால் எழுதிக் கொடுத்தார். தூக்கிலிட்டுவிட்டார்கள். ஆம், நான் சூனியக்காரி என்று ஒப்புக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். பொய் சொல்ல மாட்டேன் என்றவர்கள் செத்தார்கள்.

தண்டனை விதிக்கப்பட்டும் தூக்கிலிருந்து தப்பிய எலிசபெத் ஜான்சன் என்ற இளம்பெண்ணின் பெயர் மட்டும் நிரபராதிகள் பட்டியலில் சேராமலே கிடந்தது. நார்த் ஆண்டோவர் ஊரில் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் டீச்சரோடு சேர்ந்து சட்டமன்றத்துக்கு எழுதி எழுதி, 2022இல் அந்தக் களங்கத்தை நீக்கினார்கள். இதைப் படித்த அன்று நான் அழுதேன்.

"நம் ஊர்ப் பெண்களின் கதையே எழுதப்படாமல் கிடக்கும்போது அமெரிக்கக் கதை நமக்கெதற்கு?"
– வாசகி, இரணியல்

நியாயமான கேள்வி. இரண்டு பதில்.

ஒன்று, அது முழுக்க அயலார் கதை இல்லை. நாகர்கோவில், நெய்யூர், மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய சபைகள் எல்.எம்.எஸ். சபைகள். 1795இல் தொடங்கிய அந்த லண்டன் மிஷனில் பெரும்பாலோர், ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் காங்கிரிகேஷனல் மரபினர். மாசசூசெட்ஸ் ப்யூரிட்டன்களின் சபைகளும் அதே மரபு. மதுரைக்கு 1834இல் வந்த அமெரிக்க மிஷனோ மாசசூசெட்ஸில் பிறந்த சங்கத்தினுடையது. ஒரே கிழங்கிலிருந்து முளைத்த கொடிகள். சபைநீக்கம், ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் உட்காருவது, ஓய்வுநாளில் அடுப்பு மூட்டலாமா என்ற கேள்வி, எல்லாம் என் சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பேச்சு. அந்தக் கொடி வளர்ந்தும் இருக்கிறது. 2013இல் ஆந்திராவின் நந்தியாலில், இன்றைய நம் தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயராகப் புஷ்பலலிதா அம்மா பொறுப்பேற்றார்.

இரண்டாவது என் அம்மா. எங்கள் சபையில் பிடி அரிசி அவள் பொறுப்பு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிச் சட்டியில் போடுவார்கள். சனிக்கிழமை அதைச் சேகரித்து, விற்று, சபைக்குக் கொடுப்பார்கள். எங்கள் ஆலயத்தின் ஓடு முழுக்க அந்த அரிசியில் வந்தது. வாசலில் கல்வெட்டு இருக்கிறது. ஏழு ஆண்களின் பெயர். 1988இல் சபைக் கூட்டத்தில் நான் எழுந்து, பெண்கள் சங்கம் என்ற இரண்டு வார்த்தையாவது சேர்க்கலாமே என்றேன். "டீச்சர், அது கமிட்டி விஷயம், உட்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தேன். ஆன் ஹட்சின்சனைப் படித்தபோது, இனிப் பேசாதே என்ற வரியில் வந்து நின்றுவிட்டேன். அந்த இரவு தூங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன் அம்மா.

"எங்கள் ஊர்ப் பெண்களின் வரலாற்றைத் தொகுக்க ஆசை. ஆவணம் ஒன்றுமே இல்லையே, எங்கிருந்து தொடங்குவது?"
– வாசகி, திருவட்டாறு

ஆவணம் இல்லை என்று சொல்லாதீர்கள். ப்யூரிட்டன் காலம் முடிந்து கொஞ்சம் பிந்தி, அமெரிக்காவில் மெயின் என்ற பகுதியில் மார்த்தா பாலர்ட் என்ற மருத்துவச்சி 1785 முதல் 1812 வரை தினமும் நாட்குறிப்பு எழுதினார். இன்று பனி, ஆற்றைக் கடந்தேன், இன்னார் வீட்டில் பெண் குழந்தை, கூலி இவ்வளவு, நூல் நூற்றேன். 800க்கு மேற்பட்ட பிரசவங்கள். நெடுங்காலம் வரலாற்று அறிஞர்கள் அதைப் புரட்டிவிட்டு, வீட்டு விவகாரம், ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டார்கள். அவர் கொள்ளுப்பேத்தி வழியில் வந்த ஒரு பெண் டாக்டர் பத்திரப்படுத்தி நூலகத்துக்குக் கொடுத்ததால் பிழைத்தது. பிறகு ஒரு பெண் அறிஞர் வரிக்கு வரி வாசித்து, அந்த ஊரின் கடன், வியாபாரம், வழக்கு, நோய் எல்லாவற்றையும் அதிலிருந்து எடுத்தார்.

என் அம்மாவின் பிடி அரிசி நோட்டு என்னிடம் இருக்கிறது. அவளுக்கு எழுதத் தெரியும், மூன்றாம் வகுப்பு. மேலத்தெரு கடைசி வீடு, ஒரு நாழி. குளத்தங்கரை வீடு, இல்லை, பிள்ளை பெற்றிருக்கிறாள். அடுத்த வாரமும் இல்லை, பிள்ளை போய்விட்டது. அதற்கடுத்த வாரம், அரை நாழி.

சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். பழைய பிரமாணங்களில், அதாவது பத்திரங்களில், பெண்கள் ரேகை வைத்திருப்பார்கள், அதைப் படம் எடுங்கள். அதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே, 80 தாண்டிய அம்மாமார் வீட்டுக்குப் போங்கள். வெற்றிலை வாங்கிக்கொண்டு போங்கள். சங்கத்தில் யார் இருந்தார்கள், தலைவர் யார் என்று ஆரம்பிக்காதீர்கள். எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் தலைப்பிள்ளைப் பேற்றுக்கு யார் யாரெல்லாம் வந்து பக்கத்தில் நின்றார்கள் என்று கேளுங்கள்.